ஒரே இடத்தில் வெடித்த விளிம்பு

பட்டான்செருவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். லோத்குண்டாவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் என்னோடு வருபவர் ஸ்டோர்ஸில் இருக்கிறார். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம் அவருடையது, பேச்சில் ஊர் உருது கலந்துவிடும். இருவருக்கும் பழைய காசுப் பைத்தியம், அதில்தான் சிநேகமானோம்.

போன மழைக்காலத்தில் அவருக்கு இரண்டு ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. படைவீரர்கள் தூக்கிவிட, அரியணையைப் பறித்துச் சில மாதங்களிலேயே கொல்லப்பட்ட ஒரு தளபதியின் காசுகள். தேய்ந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்து, தாடியையும் மூக்கையும் படங்களோடு ஒப்பிட்டு, அவன்தான் என்று கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு மாதம் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சேகரிப்பாளர் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசப்போவதாகச் சொல்லி, வியாழக்கிழமை பஸ்ஸில் இரண்டையும் என்னிடம் கொடுத்தார். லென்ஸில் பார்த்தேன். இரண்டிலும் விளிம்பு ஒரே இடத்தில், ஒரே நீளத்துக்கு வெடித்திருந்தது. ஒரே அச்சில் அடித்தால் முகம் ஒன்றுபோல இருக்கும். விளிம்பு மட்டும் ஒவ்வொரு காசிலும் ஒவ்வொரு மாதிரி வெடிக்கும். இவை அடித்த காசுகள் இல்லை. ஒரே காசைப் பிரதியெடுத்து வார்த்தவை.

எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன்.

பஸ்ஸில் அத்தனை பேர் நடுவில் வேண்டாம், மாலையில் சொல்லலாம் என்று நினைத்தேன். மாலையில் அவர் பேச்சுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை இரண்டு முறை போனை எடுத்தேன், எண்ணை அழுத்தவில்லை.

கூட்டத்துக்கு மனைவியையும் மகளையும் அழைத்து வந்திருந்தார். இரண்டு காசுகளையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் பெரிதாகக் காட்டினார். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, மரியாதையாகத்தான், விளிம்பைக் கவனிக்கச் சொன்னார். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவர் அந்த மனிதரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

வெளியே படிக்கட்டில் கேட்டார். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். வியாழக்கிழமையே பாத்துட்டேன்."

"ஹவ்," என்று ஆமாம் போடுவதுபோலத் தலையாட்டினார். "காசு போலின்னா போவட்டும், நான்தான ஏமாந்தேன். நீங்க கைக்கு சொல்லல, ஏன்?"

உங்கள் மனம் நோகுமே என்றுதான், என்றேன். சொல்லும்போதே அது முழு உண்மையில்லை என்று எனக்குத் தெரிந்தது. அவர் முகம் மாறுவதைப் பார்க்கும் ஆளாக நான் இருக்க விரும்பவில்லை, அவ்வளவுதான். மகள், "டாடி, பதண்டி," என்று தெலுங்கில் கூப்பிட, மூவரும் போய்விட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். டீ கொடுத்தார். "அந்தப் பேச்சே நக்கோங்க, விடுங்க," என்றார்.

இப்போதும் பேசிக்கொள்கிறோம்: மழை, டிராபிக், மகளின் பரீட்சை. போன மாதம் அவருக்குப் புதிதாக ஒரு காசு கிடைத்ததாம். அதை அந்தப் பின்வரிசைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினார் என்று வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.