மரைக்கார் வீட்டுச் சாரியில் கிளிகள்

"இஞ்ச வாங்க தம்பி. இந்த முந்தானையப் பாருங்க. இதென்ன, கிளியா?"

நாங்கள் அண்ணன் முறையில் காக்கா என்றழைக்கும் நெசவாளி ஆதம்பாவா இப்படிக் கேட்டபோது என் வாயில் தேத்தண்ணி இருந்தது. பாதி உள்ளே போயிற்று, பாதி மூக்கால் வந்தது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. கிழக்கிலங்கையின் மருதமுனைத் தறிக்கொட்டில் ஒன்றில் நான் டிசைன் வரையச் சேர்ந்த புதிது. அதற்கு முன் கல்முனைக் கடைகளுக்குப் போர்ட் எழுதினேன். ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கொண்டையும் வாலுமாக ஒரு சேவலை வரைந்தேன். பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார் வந்து, உயிருள்ளதற்கு உருவம் எதற்கென்று சத்தம் போட்டு, என் கையாலேயே சேவலுக்குச் சுண்ணாம்பு அடிக்க வைத்தார். அதோடு போர்ட் வேலையும் போயிற்று.

இப்போது பாயில் விரிந்து கிடந்தது, அதே மரைக்காரின் மகளுடைய கலியாணச் சாரி.

நான் வரைந்தது மாவிலை. சத்தியமாக மாவிலை. நுனி வளைந்த ஓர் இலை, அதன்மேல் ஒரு மொட்டு. கட்டம் போட்ட கடதாசியில் ஒரு பக்கத்தை மட்டும் வரைவது எங்கள் வழக்கம். மறுபக்கத்துக்கு நெசவாளி தாளைப் புரட்டிப் பார்த்து நெய்வார். புரட்டியதும் இரண்டு இலைகளும் நேருக்கு நேர் நின்றுவிட்டன. வளைந்த நுனி கிளியின் சொண்டு, மொட்டு அதன் கண். நெய்தது உருளையில் சுற்றிக்கொள்வதால், இறக்கி விரிக்கும்வரை யாருக்கும் தெரியவில்லை. முந்தானை நெடுகக் கிளிகள் சோடி சோடியாகக் கொஞ்சிக்கொண்டிருந்தன.

"பின்னேரம் அஸர் தொழுதுட்டு மரைக்கார் சாரி எடுக்க வாறாராம்" என்றார் காக்கா.

நாளைக்கு நிக்காஹ். கிளியென்று சாரியைத் திருப்பினால் பெண்ணுக்கு உடுக்க இல்லை, எனக்கு வேலை இல்லை. சாரிக்குச் சுண்ணாம்பு அடிக்க முடியாது. என்னை அடிக்கலாம்.

"காக்கா, நான் அக்கரைப்பற்றுக்கு ஓடிரட்டா?"

"ஓடுங்க. அதுக்கு முந்தி ஊசிய எடுங்க. கண்ணப் புடுங்கினா, மறுகா அது மாங்காதானே?"

மொட்டு கையால் கோத்த தனி நூல், உருவினால் வரும். இருவரும் குனிந்து கிளிகளின் கண்ணைப் பிடுங்கினோம். அவசரத்தில் என் விரலையே குத்திக்கொண்டேன். நல்லவேளை, சாரி சிவப்பு. அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோதும் ஒரு வரிசை மிச்சம் இருந்தது. அதற்குள் குர்ஆனில் நான் அறிந்த ஸூரா எல்லாம் ஓதி முடித்திருந்தேன்.

மரைக்கார் மனைவியோடு வந்தார். சாரியை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதென்ன உருவம்?"

"மா... மா..." என்றேன், பசுக்கன்று மாதிரி.

"மாங்கா" என்று காக்கா முடித்துவைத்தார்.

மரைக்கார் தலையாட்டினார். அவர் மனைவி மட்டும் நூல் உருவிய இடத்தை விரலால் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இதுக்குக் கண் எங்க?"

நான் ஊசியைக் கைக்குள் மறைத்தேன்.

"என்ன கதை கதைக்கிறீங்க? மாங்காக்கு ஏது கண்?" என்றார் மரைக்கார்.

"ஓம் ஓம், மாங்காக்கு ஏது கண்" என்று மனைவி சாரியை மடித்தார். சிரிப்பு முக்காட்டுக்குள் போயிற்று.

கலியாணம் முடிந்ததும் பெண்கள் கொட்டிலுக்கு வரத் தொடங்கினார்கள். "மரைக்கார்ர மகள் உடுத்த கண்ணில்லாக் கிளி எங்களுக்கும் வேணும்!" நான் வாசலை எட்டிப் பார்த்து, "மாங்கா, ராத்தா, மாங்கா. மெதுவாக் கதைங்க" என்று கெஞ்சினேன். பெருநாளன்று தெருவில் இறங்கினால் எல்லா முந்தானையிலும் அந்தக் கிளிகள். கண் இல்லாததால் என்னைக் கண்டுபிடிக்கவில்லை.

டிசைன் வரையும் தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்று சொல்கிறேன். சுவரில் மாட்டும் படம் வரைந்தபடியே இருக்கும். உடுக்கும் துணியில் அது புரளும், மடியும், தன்னைத்தானே பார்க்கும். அதனால் பூ வரைந்தாலும் தாளின் ஓரத்தில் ஒரு கண்ணாடியை நிறுத்திப் பாருங்கள். உள்ளே முழி பிதுங்கிய ஓர் உருவம் தெரிந்தால் உடனே ஊசியை எடுக்க வேண்டாம். நான் முதன்முதல் பார்த்தபோது தெரிந்தது என் முகம்தான்.