பூவம்மாள் ஏறாத படகு

பழவேற்காட்டு ஏரிக்கு நடுவே இருந்த ஒரு குப்பத்துக்கு அம்மை குத்தப் போய்வருவதுதான் எழுபதுகளில் என் உத்தியோகம். என்னைக் கண்டாலே குழந்தைகள் ஓடி ஒளியும். எனக்கோ தண்ணீரைக் கண்டாலே ஓடி ஒளியத் தோன்றும். நீச்சல் தெரியாதவனுக்குத்தான் சர்க்கார் தீவைப் பார்த்து ஒதுக்கும்.

அங்கே போக இரண்டு படகுகள். ஒன்று சடையப்பனுடையது, மற்றது நாகமுத்துவுடையது. நாகமுத்து கோல் ஊன்றினால் தண்ணீருக்கே தெரியாது, அத்தனை பதமான கை. ஆனால் மனிதர் விடியும்போதே சாராயம் ஏற்றியிருப்பார். அதனால் அவர் படகு பெரும்பாலும் காலியாகவே மிதக்கும்.

ஒரு பங்குனி மத்தியானம் மனைவி பூவம்மாளை மட்டும் ஏற்றிக்கொண்டு போனவர், நின்றபடியே சாய்ந்து தூங்கிவிட்டார். கோல் கைநழுவிப் போயிற்று. வெயிலில் ஏரியும் வானமும் ஒரே வெள்ளையாகக் கலந்து கிடக்க, படகு தன்பாட்டுக்கு முகத்துவாரத்தை நோக்கி நகர்ந்தது. பூநாரைகள் ஒற்றைக்காலில் நின்று வேடிக்கை பார்த்தன. பூவம்மாள் மீன் விற்கும் அலுமினிய அன்னக்கூடையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி, எப்படியோ ஒரு சேற்றுத்திட்டில் படகை ஒதுக்கினாள்.

கண் விழித்தவர், "கனா மாரி கீதுடி" என்றாராம்.

"இனிமே உன் படகுல கால் வெச்சா ஏன்னு கேளு" என்றாள் அவள்.

அன்றிலிருந்து அவள் சடையப்பன் படகில் சந்தைக்குப் போனாள். படகோட்டியின் பெண்டாட்டி அடுத்தவன் படகில் போவதை ஊரே கரையில் நின்று பார்த்தது. அந்த வெட்கத்தை மறக்க நாகமுத்து இன்னும் கொஞ்சம் குடித்தார்.

அப்புறம் சர்க்கார் மதுவிலக்கு என்று சாராயக் கடைகளை மூடியது. அந்தச் சமயம் பார்த்துக் குப்பத்திலிருந்த தன் தங்கை வீட்டுக்கு வந்திருந்தார் ஆசீர்வாதம், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். நடுங்கும் கையோடு கோல் ஊன்றிய நாகமுத்துவைப் பார்த்துக்கொண்டே வந்தவர், "பட்டணத்துல ஞாயித்துக்கெழம குடிகாரங்க மீட்டிங் நடக்குது. நானும் போய்க்கினுதான் கீறேன். வரியாப்பா?" என்றார்.

நாகமுத்து சப்புக்கொட்டினார். கடையே இல்லாத காலத்தில் கூடிக் குடிக்க ஓரிடம்! சலவை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். பூவம்மாளுக்கும் அப்படித்தான் விளங்கியது. "ஒண்டியா குடிச்சி பேஜாரு பண்ணது பத்தலயா? மீட்டிங் வேற போட்டு குடிக்கணுமா?" என்று அக்கரைக்குக் கேட்கும்படி கத்தினாள்.

ஆசீர்வாதத்தோடு நாகமுத்து பொன்னேரியில் ரயில் ஏறினார். சாய்ந்த வெயிலில் உப்பளங்கள் வெள்ளை வெள்ளையாக நழுவிப்போயின. மறுபடியும் கோலில்லாமல் எங்கோ மிதந்து போவதுபோல் அவருக்குப் பயமாக இருந்ததாம்.

ஒரு பள்ளிக்கூடத்தின் பின்னறைதான் மீட்டிங் நடக்கும் இடம். ஒவ்வொருவராக எழுந்து பேரைச் சொல்லி, "நான் ஒரு குடிகாரன்" என்றார்கள். அதைச் சொன்னால்தான் ஊற்றுவார்கள்போல என்று நினைத்துக்கொண்டு, தன் முறை வந்ததும் நாகமுத்து துள்ளி எழுந்தார்.

"என் பேரு நாகமுத்து. நானும் குடிகாரன்தான். எப்ப ஊத்துவீங்க?"

அறையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "மொத நாளு நானும் கிளாசைத்தான் தேடினேன் நைனா" என்றார் ஆசீர்வாதம். பிறகு ஊற்றத்தான் செய்தார்கள். டீ.

குடியை விடுவதற்காகக் கூடுகிறவர்கள் என்று தெரிந்ததும், ஏமாற்றத்தில் எழுந்து போகப் பார்த்தார். அப்போது பாக்கியநாதன் என்ற மில் தொழிலாளி பேசத் தொடங்கினார். "எங்க ஊட்டுக்காரி என் சைக்கிள்ல ஏறமாட்டா. அவ முன்னால நடந்து போவா, நான் பின்னால வெறும் சைக்கிள உருட்டிக்கினு போவேன்."

தன் கதையை இந்த ஆளுக்கு யார் சொன்னது என்று நாகமுத்து திடுக்கிட்டார். கையிலிருந்த டீ ஆறிப்போனது. எப்போது வாய் திறந்தோம் என்று தெரியாமலே, அவர் பூநாரைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கோல் நழுவியதைச் சொன்னார். அன்னக்கூடையைச் சொல்லும்போது அழுதார். ஒருவர்கூடப் புத்தி சொல்லவில்லை. ஊரில் அவருக்குப் புத்தி சொல்லாமல் இருந்தது அவர் படகு ஒன்றுதான்.

அடுத்த ஞாயிறும் போனார். அதற்கடுத்ததும் போனார். நடுவில் ஓரிரு முறை மறுபடி குடித்து வழுக்கி விழுந்தார், அதையும் அங்கேயே போய்ச் சொன்னார். திரும்பி வரும்போதெல்லாம் பூவம்மாள் வாசலில் நின்று முகர்ந்து பார்ப்பாள். காலையில் சடையப்பன் படகில் போவாள். மாதங்கள் போயின. டீ குடித்துவிட்டு வருகிற மனிதனை இன்னும் எத்தனை நாள் சோதிப்பது என்று எனக்கே அவள்மேல் எரிச்சல் வந்தது. ஆனால் கோலில்லாத படகில் விழித்துக்கொண்டிருந்தது நானில்லையே.

மார்கழியில் ஒரு காலை. பனியில் ஏரி இருந்த இடமே தெரியவில்லை. படகுகள் அந்தரத்தில் நிற்பதுபோல் இருந்தன. முந்தின இரவு குப்பத்தில் தங்கிவிட்டுக் கரை திரும்ப, நான் நாகமுத்து படகில் உட்கார்ந்திருந்தேன். துணிச்சலெல்லாம் இல்லை, சடையப்பன் படகில் பூவம்மாளுக்கென்று விட்டிருந்த இடம் ஒன்றுதான் பாக்கி.

பூவம்மாள் அன்னக்கூடையோடு தண்ணீரில் இறங்கி வந்தாள். இரண்டு படகுக்கும் நடுவே நின்றாள். நாகமுத்து கோலைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பின்னறையில் நிற்பதுபோலக் கைகட்டி எழுந்து நின்றார்.

"என் பேரு நாகமுத்து. நான் ஒரு குடிகாரன்."

சடையப்பன் படகில் யாரோ சிரித்தார்கள். பூவம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியும். இன்னிக்கு குடிச்சிகிறியா?"

"இல்ல."

அவள் ஈரம் சொட்டும் அன்னக்கூடையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துப் படகுக்குள் காலை வைத்தாள்.

"அப்ப தள்ளு" என்றாள்.