ருமியானாவின் முப்பத்தெட்டுப் பக்கம்

ருமியானா அக்காவுக்குக் குண்டான கம்ப்யூட்டர் புரோகிராம் என்றாலே ஆகாது. "ஒரே மூச்சில உக்காந்து வாசிச்சு முடிக்க முடியாத ஒண்ண நம்பி ஒரு மனுஷனையும் அந்தரத்துல தொங்க விடாதே" என்பார். எங்கள் மலையூரின் ரோப் காரை ஓட்டும் புரோகிராமைச் சொல்கிறார். முதலில் அதை எழுதியவர் அவர்தான்.

கணக்குப் படித்தவர். பழைய கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் கால்குலேட்டர் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அங்கே கம்ப்யூட்டர் நினைவகத்தில் இடம் என்பது பஞ்ச காலத்துச் சர்க்கரை போல. ஓர் எழுத்து கூடினாலும் திட்டு விழுமாம். தொழிற்சாலையை மூடிய பிறகு நாலு வருடம் சந்தையில் காலுறை விற்றார். பிறகு லூபென் ரோப் கார் நிறுவனம் தொடங்கி அவரைக் கூப்பிட, ஒரு பனிக்காலத்தில் தனியாளாக இரண்டாயிரத்து நூறு வரி எழுதி முடித்தார். அச்சடித்தால் முப்பத்தெட்டுப் பக்கம். அதை இன்றும் மேசை இழுப்பறையில், மலைத் தேநீர் டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறார்.

அப்புறம் இளவட்டப் புரோகிராமர்கள் நாங்கள் வந்தோம். பெட்டிக்குள் பாட்டு, கண்ணாடியில் விளம்பர விளக்கு, டிக்கெட் கதவு என்று லூபென் கேட்டதையெல்லாம் கட்டினோம். விளக்குகளுக்கு மட்டும் பதினோராயிரம் வரி. எழுதியது மில்கோ என்கிற நான், அதில் பெருமை வேறு. புரோகிராம் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் வரிக்கு ஊதியது. "சமையக்கட்டுல ரெண்டு பேர் இருந்தா ஒரு சண்டைதான் வரும். பத்துப் பேர் இருந்தா நாப்பத்தஞ்சு ஜோடிடா. எந்த ஜோடி முட்டிக்கிச்சுன்னு நீ கண்டுபிடிக்கறதுக்குள்ள ரொட்டி கருகிடும்" என்பார் அக்கா. நாங்கள் சிரிப்போம்.

டிசம்பரில், பனிச்சறுக்குப் பருவம் தொடங்கிய வாரமே, விளக்கில் நான் செய்த ஒரு சின்ன மாற்றம் டிக்கெட் கதவை நிறுத்தியது. விளக்குக்கும் கதவுக்கும் என்ன உறவு? மூன்று நாள் தேடியும் தெரியவில்லை. மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிட்டோம். அக்கா எங்கள் அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டினார்: பருவம் முடியும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது. மாதாமாதம் ஏற்றும் புதுப் பதிப்புகூட வேண்டாம் என்றார். பயம்தான், வேறென்ன.

ஜனவரி கடைசி நாள், மதியம் ஒன்று பத்துக்கு ரோப் கார் நின்றது. பன்னிரண்டு பெட்டி, உள்ளே நாற்பத்து மூன்று பேர். மூன்றரைக்குப் பெருங்காற்று என்று எச்சரிக்கை வந்திருந்தது. அந்தக் காற்றில் பெட்டி ஆடினால் தூணில் போய் இடிக்கும். மீட்புக் குழு பக்கத்து ஊரிலிருந்து வந்து சேரவே இரண்டு மணி நேரம் ஆகும். துணைக்கு டீசல் எஞ்சின் இருந்தது. ஆனால் அதன் பிரேக்கையும் புரோகிராமின் கையில்தான் கொடுத்திருந்தோம்.

கீழ் நிலையத்தை இயக்கும் பென்ச்சோ அண்ணன் போனைக் காதில் வைத்தபடி எங்கள் அறைக்கு ஓடிவந்தார். மேலே ஓட்டலில் சமைக்கும் அவர் மனைவி ராத்கா ஏழாம் பெட்டியில் மாட்டியிருந்தாள்.

"மூணு தடவ அணைச்சுப் போட்டுட்டேன். பிரேக்க விடவே மாட்டேங்குது. ராத்கா அங்கருந்து என்னைத் திட்டுறா!"

"திட்டட்டும் அண்ணே, திட்டுற வரைக்கும் நல்லாத்தான் இருக்கா" என்றார் அக்கா.

எச்சரிக்கைப் பதிவேட்டைத் திறந்தேன். நாலாயிரம் வரி. எல்லாம் என் விளக்குகளின் புலம்பல். உண்மையான கோளாறு அதற்குள் எங்கேயோ கிடந்தது. அக்கா அந்தப் பக்கமே பார்க்கவில்லை. இழுப்பறையைத் திறந்து முப்பத்தெட்டுப் பக்கத்தை வெளியே எடுத்தார்.

லூபென் கத்தினார். "ருமியானா, பழைய காயிதத்த வச்சுக்கிட்டு என்ன பண்றே? ஆளுங்க தொங்குறாங்க!"

"பிரேக்கப் பிடிக்கிற அடிப்பாகம் இன்னும் என்னுதுதான் லூபென். அதுமேலதான் நீங்க மாடி மாடியா கட்டியிருக்கீங்க. உங்க வீட்ட மூணு நாள்ல தேட முடியாது. என் வீட்ட ஒரு மணி நேரத்துல கூட்டிப் பெருக்கிடுவேன். மில்கோ, வாசி. சத்தமா. புரியலேன்னா நிறுத்து."

அதுதான் அவர் வழக்கம். ஒருவர் வாசிக்க, மற்றவர் கேட்பது. வாசித்தேன். பத்தாம் பக்கத்தில் பென்ச்சோ அண்ணன் ஜன்னலருகே போய், "தேவதாரு ஆடுது" என்றார். இருபதாம் பக்கத்தில் ராத்காவின் போன் அணைந்துவிட்டது. அண்ணன் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. நான் வாசிப்பதை விட்டு அவரைப் பார்த்தேன். "நிறுத்தாதே" என்றார் அக்கா.

முப்பத்தொன்றாம் பக்கத்தில் அவரே எழுதிய குறிப்பு ஒன்று இருந்தது. வாசித்தேன்: "கடந்துபோன பெட்டிகளின் எண்ணிக்கை. மின்சாரம் போனாலும் அழியாது. பென்ச்சோ திங்கள்தோறும் சாவியால் பூஜ்யமாக்குவார்."

அக்காவின் முகம் வெளுத்தது. இடத்தை மிச்சம் பிடித்தே பழகிய கை, அந்த எண்ணுக்குச் சின்ன இடம்தான் ஒதுக்கியிருந்தது. முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழு வரை கொள்ளும். அதற்கு மேல் ஒன்று கூடினால் கழித்தல் எண்ணாகப் புரண்டுவிடும். கழித்தல் எண்ணிக்கையில் பெட்டி ஏது? புரோகிராம் மிரண்டு பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும்.

"அண்ணே, அந்தச் சாவி?"

பென்ச்சோ அண்ணன் இடுப்பு வளையத்தை எடுத்துக் காட்டினார். சின்னப் பித்தளைச் சாவி. "இங்கதான் இருக்கு. போன வருஷம் புது சுவிட்ச் பலகை வந்துச்சுல்ல, அதுல சாவி ஓட்டையே இல்ல. கேட்டேன். தேவையில்லேன்னு சொன்னாங்க."

அதன் பிறகும் ஓடியதற்குக் காரணம், மாதாமாதம் ஏற்றிய புதுப் பதிப்பு அந்த எண்ணைத் தானாகப் பூஜ்யமாக்கியதுதான். அக்கா தாள் ஒட்டிய பிறகு ஐம்பது நாளாக நாங்கள் எதையும் ஏற்றவில்லை.

அக்கா கம்ப்யூட்டரில் அந்த எண்ணைத் தேடிப் பிடித்துப் பூஜ்யம் என்று அடித்தார். "அண்ணே, கீழ போங்க. அவசர பிரேக்குல கைய வச்சுக்குங்க. நடை வேகத்துல விடுறேன்."

மணி இரண்டே முக்கால். பிரேக் விடும் சத்தம் தரைவழியே காலில் ஏறியது. கம்பி ஒரு முறை உதறி, நகர்ந்தது. லூபென் சிலுவைக்குறி போட்டார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன், வெட்கப்படவில்லை.

மூன்று இருபதுக்குக் கடைசி ஆள் இறங்கினான். ராத்கா ஏழாம் பெட்டியிலிருந்து இறங்கி, பனிக்கட்டியான கையால் புருஷனின் இரண்டு கன்னத்தையும் பிடித்தாள். "யோவ், எம் போன் அணைஞ்சதும் நிம்மதியா இருந்துச்சா?" என்றாள். அவர் அவளைக் கட்டிக்கொண்டார். வெளியே காற்று கூரைத் தகரத்தைப் பிறாண்டத் தொடங்கியிருந்தது.

மேலே எங்கள் அறைக்கு வந்ததும் லூபென் கேட்டார்: "சாவி தேவையில்லேன்னு சொன்ன மகராசன் யாரு?"

"எண்ணுக்குச் சின்ன இடம் குடுத்தது நான். யாரும் தொடாதேன்னு தாள் ஒட்டினதும் நான்" என்றார் அக்கா சட்டென்று. "என் பேரை எழுதிக்க."

பென்ச்சோ அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கமாட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பலகை வந்த அன்று விளக்கு வேலையில் மும்முரமாக இருந்தேன். அவர் சாவியை நீட்டி இரண்டு தரம் கேட்டார். திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொன்னேன்.

"நான்தான் சொன்னேன்" என்றேன். "அது எதுக்குன்னு எனக்குத் தெரியல. அவ்வளவு பெரிய புரோகிராம்ல எங்கயாவது இருக்கும்னு நெனச்சேன்."

பென்ச்சோ அண்ணன் வளையத்திலிருந்து சாவியைக் கழற்றி என் மேசைமேல் வைத்தார்.

"பலகையில ஓட்ட நான் போட்டுடுறேன், வயர நீ இழுத்துக் குடு" என்றார். "திங்கக்கிழம காலைல எட்டு மணிக்கு வந்துடு. சாவியோட மொதத் திருப்பு உன்னோடது."

ஏழே முக்காலுக்கே போய் நின்றேன்.