முத்துக்கனி பேரில் ஒரு லைசென்ஸ்

1. ஊமைக் கல்யாணம்

லைசென்ஸ் என்ற சொல்லை எனக்குக் கற்றுக்கொடுத்தது உவரியில் நடந்த ஒரு கல்யாணம். ஏரல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மாடியில், எனக்கு எடிட்டிங் அறை இருக்கிறது. கல்யாணம், சடங்கு, கடைத் திறப்பு, நினைவஞ்சலி என்று இந்தப் பக்கத்து வீடியோக்களை இருபத்திரண்டு வருஷமாக அங்கே உட்கார்ந்துதான் வெட்டி ஒட்டுகிறேன். அந்தக் கல்யாணத்துக்கும் வழக்கம்போல ஒரு சினிமாப் பாட்டைப் போட்டேன். வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் பார்க்கட்டும் என்று இணையத்தில் ஏற்றியும் கொடுத்தேன். மறுநாள் காலையில் பெண்ணின் அப்பா போனில் கூப்பிட்டார். உவரியில் படகு வைத்திருப்பவர்.

“ஏம்மா, எங்க வீட்டுக் கல்யாணத்துல எல்லாரும் ஊமையாயிட்டாவளே. சர்ச்சு சாமியாரு வாயசைக்காரு, ஒரு சத்தமும் கேக்கல.”

பாட்டின் சொந்தக்காரர்கள், இது எங்களுடையது என்று இணையத்தில் கிளெய்ம் போட்டிருந்தார்கள். அதனால் வீடியோவின் சத்தம் மொத்தமாக நின்றுவிட்டது. அந்த மனிதர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அவசரமில்ல, பைய சரிபண்ணிக் கொடும்மா என்றார். அந்த ஒரு சொல்லுக்காக நான் இன்றைக்கும் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். அந்த வாரம்தான் ராயல்டி ஃப்ரீ இசை என்றால் என்ன என்று உட்கார்ந்து படித்தேன்.

பெயரில் ஃப்ரீ இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. சிலது காசு கொடுத்து வாங்க வேண்டும், சிலதுக்கு இசையமைத்தவர் பெயரைப் போட வேண்டும். ஒரு தடவை வாங்கினால் அந்த வேலைக்கு அனுமதி, அவ்வளவுதான். வாங்கும்போது யாருக்காக, எந்த வீடியோவுக்காக என்று எழுதச் சொல்லி ஒரு சர்டிபிகேட் கொடுப்பார்கள். கிளெய்ம் வந்தால் அதைக் காட்டினால் போதும். விதிமுறையை வரி விடாமல் படித்தேன். அதில் ஒரு வரி, இதே இசையை வேறு யாரும் வாங்கிப் பயன்படுத்தலாம் என்று சொல்லியது. அந்த வரியை மட்டும் எந்த வாடிக்கையாளரிடமும் நான் சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லை என்பது ஒரு சாக்கு.

2. பதினோரு போட்டோ

பெருமாள் அண்ணாச்சிக்கு எங்கள் தெருமுனையில் பாத்திரக்கடை. மனைவி முத்துக்கனி இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, நினைவு நாளுக்கு ஒரு வீடியோ வேண்டும் என்று வந்தார். ஒரு துணிக்கடைப் பையில் போட்டோக்களைக் கொண்டுவந்திருந்தார். மொத்தம் பதினொன்று. ஒன்றில்கூட முத்துக்கனியம்மா தனியாக இல்லை. எல்லாம் யார் வீட்டு விசேஷத்திலோ எடுத்தவை. ஓரத்தில், யார் பிள்ளையையோ இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். எல்லாமே ஏரல், இல்லாவிட்டால் திருச்செந்தூர்.

வேறு ஊரில் எடுத்தது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் பையை மடித்துக்கொண்டே சொன்னார், ராமேஸ்வரம் போகணும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம், கடையை யாரு பாக்க என்று இவர் தள்ளிப்போட்டுவிட்டாராம். பாட்டைப் பற்றி மட்டும் கறாராகச் சொன்னார்.

“சினிமாப் பாட்டு போடாத தாயி. ஊர்ல எல்லாத்துக்கும் போடுத பாட்டு அவளுக்கு வேண்டாம். அவளுக்குன்னு ஒண்ணு பாத்துப் போடு.”

மூன்று நாள் தேடினேன். சோகம் என்று தேடினால் வருவதெல்லாம் ஒரே பியானோ அழுகை. அந்த அழுகைக்கும் பிள்ளையை இடுப்பில் வைத்துச் சிரிக்கிற அந்த அம்மாவுக்கும் ஒட்டவே இல்லை. கடைசியில் காலை நேரம் என்ற தலைப்பில் ஒன்று கிடைத்தது. ஒரு கிடார், பின்னால் மெல்ல ஒரு புல்லாங்குழல், மூன்று நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். எடிட்டிங் டைம்லைனில் போட்டோக்களுக்குக் கீழே போட்டதும் அவை தானாக மூச்சுவிட்ட மாதிரி இருந்தது. இத்தனை வருஷத் தொழிலில் எனக்கு அப்படி நாலைந்து தடவைதான் அமைந்திருக்கிறது. அன்றைக்கு நான் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

லைசென்ஸ் படிவத்தில், வாங்குபவர் பெயரில் அண்ணாச்சி பெயரையும், வேலையின் பெயரில் முத்துக்கனி நினைவஞ்சலி என்றும் நிரப்பினேன். சர்டிபிகேட்டைப் பிரிண்ட் போட்டு வீடியோவோடு கொடுத்தேன். அண்ணாச்சி வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். ஆங்கிலத் தாளில் மனைவியின் பெயரை மட்டும் கண்டுபிடித்து அதில் விரலை வைத்தார்.

“அப்ப இந்தப் பாட்டு முத்துக்கனிக்குன்னு ஆயிட்டா?”

இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நொடி இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வாய் வரவில்லை.

“ஆமா அண்ணாச்சி” என்றேன்.

அவர் அந்தத் தாளை லேமினேட் செய்து, வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வைத்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

3. திறப்பு விழா

நாலைந்து மாதம் கழித்து காசிம் பாய் பிரியாணிக்கடை திறந்தார். பதினெட்டு வருஷம் சவூதியில் ஹோட்டல் சமையலில் இருந்து திரும்பியவர். வாசலில் தெருவைப் பார்த்து ஒரு டிவி வைத்து, கடையைப் பற்றிய வீடியோ ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். கையில் ஒரே நாள்தான் இருந்தது. காலை வெயில், அரிசி கழுவும் தண்ணீர், தம் உடைக்கும்போது எழும் ஆவி என்று நன்றாகவே எடுத்திருந்தேன். அந்தக் காட்சிக்கு என் கை தானாக அந்தக் காலை நேர இசைக்குப் போனது. அதற்குத் தனியாக, பாய் பெயரில், இன்னொரு லைசென்ஸ் வாங்கினேன். முறைப்படி செய்கிறோம் என்று எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட. அண்ணாச்சியின் ஞாபகம் வரவே இல்லை. என் தொழிலில் நான் செய்த பெரிய தப்பு இதுதான்.

திறப்பு விழாவுக்கு அண்ணாச்சியும் வந்திருந்தார், அண்டாவும் சட்டியும் அவர் கடையில் வாங்கியவைதான். முதல் பந்தியில் அவருக்கென்று மட்டன் இல்லாமல் குஸ்கா வைத்திருந்தார்கள். நான் கேமராவோடு கல்லாப் பக்கம் நின்றேன். டிவியில் கிடார் ஆரம்பித்தது. அண்ணாச்சி சோற்றில் வைத்த கையை எடுத்தார். ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் எழுந்து, கையைக் கழுவிவிட்டு வெளியே போனார்.

கால்மணி நேரத்தில் அந்த லேமினேட் தாளோடு திரும்பி வந்தார். சத்தம் போடவில்லை.

“பாய், அந்தப் படத்தை நிப்பாட்டும். அது எங்க வீட்டுக்காரி பாட்டு.”

காசிம் பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. தன்னிடமும் தாள் இருக்கிறது என்று கல்லாவிலிருந்து எடுத்து வைத்தார். இரண்டும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒரே பாட்டு, ஒரே இசைக்காரர், பெயர் மட்டும் வேறு. பந்தியில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். இரண்டு பேரும் தாளிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்கள்.

அங்கேயே உண்மையைச் சொன்னேன். இரண்டு தாளும் சரியானவை, பாட்டு யாருக்கும் சொந்தமாகவில்லை, பயன்படுத்த அனுமதி மட்டும்தான், காசு கட்டினால் உலகத்தில் யாரும் வாங்கலாம், பாய் மேல் தப்பில்லை, தப்பு என்னுடையது என்றேன். அண்ணாச்சி தன் தாளை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

“அன்னைக்கு ஆமான்னு சொன்னியே தாயி” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார்.

காசிம் பாய் எழுந்து போய் டிவி சுவிட்சைத் தானே அணைத்தார். அவர் மேல் தப்பே இல்லை, திறப்பு நாளில் வாசல் டிவி கறுப்பாக நிற்பது எந்தக் கடைக்காரருக்கும் சங்கடம்தான்.

“தங்கச்சி, வேற பாட்டு போட்டுக் குடுங்க. மௌத்தான ஒரு புள்ளையோட பாட்டை வச்சு நான் சோறு விக்க மாட்டேன்.”

உள்ளே அரிசி மூட்டை மேல் லேப்டாப்பை வைத்து ஒரு மணி நேரத்தில் வேறு இசை போட்டுக் கொடுத்தேன். அண்ணாச்சி அதற்குள் போய்விட்டிருந்தார். அவர் இலை அப்படியே இருந்தது.

4. பாத்திரக்கடையில் லேப்டாப்

ஒரு வாரம் அந்தத் தெருமுனையைத் தவிர்த்துச் சுற்றுவழியில் போனேன். எட்டாம் நாள், மனசு கேட்காமல், லேப்டாப்போடு நேராகப் பாத்திரக்கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு, இந்தத் தடவை எல்லாவற்றையும் திறந்து காட்டினேன். அந்த இசை இருக்கிற பக்கம், அதை வாங்குகிற முறை, இணையத்தில் தேடியதில் அது வந்திருந்த வீடியோக்கள். ஒரு பல் ஆஸ்பத்திரி, யாரோ வெள்ளைக்காரர் மலையேறியது, எங்கோ ஒரு பள்ளிக்கூடத்து ஆண்டு விழா.

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் கடைசிவரை பார்த்தார். இடையில் இட்லிச்சட்டி கேட்டு வந்தவரைப் பிறகு வரச் சொன்னார். இதை யார் போட்டது, எந்த ஊர்க்காரர், அவருக்கு முத்துக்கனியைத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். போலந்து தேசத்துக்காரர் என்பதற்குமேல் எனக்கே தெரியாது. நான் இத்தனை வருஷமாக அந்தப் பெயர்களைப் படித்துப் பார்த்ததே இல்லை.

“இவ்வளவு இடத்துலயும் இது கேக்குமா?”

“கேக்கும் அண்ணாச்சி. இன்னும் எங்கெங்கயோ கேக்கும்.”

“அவ திருச்செந்தூரைத் தாண்டுனதில்ல” என்றார். பிறகு அந்த மலையேறுகிற வீடியோவை இன்னொரு தடவை போடச் சொன்னார். “இப்ப பாரு, ஊரெல்லாம் சுத்துதா அவ.”

அன்று மத்தியானம் அவரே காசிம் பாய் கடைக்குப் போய்ப் பழைய பாட்டையே போடச் சொல்லியிருக்கிறார். பாய்க்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். நான் அவசரத்தில் மாற்றிக் கொடுத்த பாட்டுக்கு ஒருத்தனும் ரெண்டாவது தடவை சோறு கேக்க மாட்டேங்கான் என்று என்னிடம் ஏற்கெனவே குறைப்பட்டிருந்தார். இப்போது அந்தக் கடை வாசலில் அந்தக் ‘காலை நேரம்’ இசைதான் ஓடுகிறது. அண்ணாச்சிக்கு அங்கே குஸ்கா தனியாக எடுத்து வைப்பார்கள்.

5. இளையவர்களுக்கு ஒரு வார்த்தை

இன்றைக்கு எடிட்டிங்குக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் பெரிய ரகசியம் ஏதுமில்லை. லைசென்ஸ் யார் பெயரில் என்று பாருங்கள், சர்டிபிகேட்டை இரண்டு இடத்தில் சேமியுங்கள், இசைக்காரரின் பெயரை ஒரு தடவையாவது படியுங்கள். தாளைக் கொடுக்கும்போது அதில் என்ன இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். சந்தோஷத்தோடு கேட்கிறாரே என்று தெரியாததற்கும் இல்லாததற்கும் ஆமா போடாதீர்கள். எனக்கு வாய்த்த இரண்டு பேரும் நல்லவர்கள், நான் தப்பித்தேன். அந்த நன்றி எனக்குச் சாகும்வரை இருக்கும்.

அண்ணாச்சி இப்போதும் போன் செய்கிறார். கோயம்புத்தூரில் இருக்கும் அவர் மகள் ஒரு துணிக்கடையில் கேட்டாளாம், நாகர்கோவில் பஸ்ஸில் யாரோ வைத்திருந்த செல்போனில் இவரே கேட்டாராம். எங்கே கேட்டாலும் அன்றைக்கே எனக்குத் தகவல் வந்துவிடும்.

போன மாதம் ஒரு மத்தியானம் கூப்பிட்டார். பின்னால் காற்றும் அலையும் இரைந்தன. இரண்டு நாள் கடையை அடைத்துவிட்டு ராமேஸ்வரம் வந்திருப்பதாகச் சொன்னார்.

“காதைத் தீட்டிக்கிட்டுத் திரியுதேன் தாயி, இங்கன எங்கயும் நம்ம பாட்டு கேக்கல. போன்ல அவ வீடியோ இருக்கு. கடக்கரையில வச்சு நானே போடலாமா? லைசென்ஸ்ல அதுக்கு எடம் இருக்குல்லா?”

ஆமா என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு ஒரு நிமிஷம் இருங்க அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு, அவர் பெயரில் இருந்த ஃபைலைத் திறந்து, விதிமுறையை மேலிருந்து கீழ்வரை படித்தேன். அவர் அந்தப் பக்கம் பொறுமையாகக் காத்திருந்தார்.

“இருக்கு அண்ணாச்சி” என்றேன். “சத்தமாவே போடுங்க.”