அழுததாக எழுதாத வரி

என் கணவருக்கு விழித்திரை கிழிந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். கண்ணுக்குள் வாயுவை நிரப்பிவிட்டு, சில நாள் குப்புறப் படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிள்ளான் துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிற மனிதர். சும்மா கிடந்து பழக்கமில்லாதவர்.

வேலை முடிந்து, நெரிசலில் ஊர்ந்து, பூச்சோங் வீட்டுக்கு நான் வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போயிருக்கும். வந்ததும் அவருக்குச் சோறு, சொட்டு மருந்து.

"ஏதாச்சும் படி லா," என்றார் ஒரு சாயங்காலம். "தரையப் பாத்துப் பாத்து போர் அடிக்குது."

நான் கதை எழுதுவதை அவர் தடுத்ததில்லை, படித்ததும் இல்லை. எப்போதோ பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய சிறுகதைத் தொகுப்பு ஒன்றை எடுத்தேன். சீக்கிரம் முடித்துவிட்டுக் காலை நீட்டலாம் என்று வேகமாக வாசித்தேன். அண்ணன் சாவுக்குப் போய்வந்த ஒருத்தி, வீட்டுக்கு வந்து சமைத்துப் பிள்ளைகளுக்குப் போடுகிறாள். அவ்வளவுதான் கதை.

"அவ அழவே இல்லையா?" தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அழுதாளே."

"எங்க? நீ படிக்கலையே."

எரிச்சலோடு பக்கங்களைத் திருப்பினேன். அழுததாக எங்கேயும் இல்லை. ஆனால் முன்பு படித்ததிலிருந்து அவள் அழுததாகவே என் நினைவில் இருந்தது. இந்த முறை வரிவரியாக வாசித்தேன். அரிசி களைகிற இடத்தில் நின்றுவிட்டேன். தண்ணீர் தெளிந்த பிறகும் அவள் களைந்துகொண்டே இருக்கிறாள். மகள் வந்து குழாயை மூடுகிறாள்.

"இங்கதாங்க அழறா," என்றேன்.

"திருப்பிப் படி," என்றார்.

அம்மாவின் மரணத்தைப் பற்றி நான் எழுதிய கதை ஒன்று பத்திரிகையிலிருந்து திரும்பி வந்திருந்தது. மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைத் திறந்தேன். பத்திக்குப் பத்தி யாராவது அழுதார்கள். நெஞ்சு வெடித்தது, கண்ணீர் பெருகியது. ஒவ்வொன்றாக அழித்தேன். மிஞ்சியது கொஞ்சம்தான். அதில், ஆஸ்பத்திரியில் அம்மாவின் பல்செட்டைக் கழுவித் துடைத்து என் கைப்பையில் வைத்துக்கொண்டதை ஒரே வரியில் தாண்டிப் போயிருந்தேன். அந்த ஒரு வரியை விரித்து எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்தபோது கை ஓய்ந்துபோயிருந்தது. சாப்பாடு அப்படியே இருந்தது.

அன்று சாயங்காலம் அதை அவருக்கு வாசித்தேன். முடிந்ததும் அவர் கேட்டார்: "அந்தப் பல்லு இப்ப எங்க இருக்கு?"

"அலமாரிலதான். சேலைக்கு அடியில."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே நீ."

முகத்தைத் தூக்கக் கூடாது அவர். கையை மட்டும் என் பக்கம் நீட்டினார்.

கதை பிறகு அச்சில் வந்தது. அவர் மறுபடி லோரி ஓட்டப் போய்விட்டார். எனக்குத்தான் வேலை கூடிவிட்டது. இப்போதெல்லாம் ஒரு பக்கத்தைக்கூட அவசரமாக வாசிக்க முடிவதில்லை, எழுதவும் முடிவதில்லை.