நாற்பத்தேழாவது கம்பம்

இது கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளட்டும். நடந்தது எனக்கு. அதுவும் பட்டப்பகலில், அல்ஜீரியப் பாலைவனத்தில், ஜூலை பதினாறாம் தேதி.

எரிவாயுக் குழாயைத் துரு தின்கிறதா என்று பார்ப்பது என் வேலை. குழாய் மண்ணுக்கடியில் போகிறது. துருப்பிடிக்காமலிருக்க அதில் லேசாக மின்சாரம் விட்டிருப்பார்கள். கிலோமீட்டருக்கு ஒரு கம்பம். கம்பத்தடி மண்ணில் தண்ணீர் ஊற்றி, அளவுக்குச்சியை ஊன்றி, மீட்டரைப் பார்க்க வேண்டும். 850 மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிம்மதி. குறைந்தால் கீழே குழாய் அரிக்கிறது என்று அர்த்தம். 47வது கம்பத்தருகே சாலை போடுகிறவர்களின் கூடாரங்கள். அதில் ஒன்றில் என் தம்பி தாஹெர். அங்கே குழாய் வெடித்தால் ஒருவன்கூட மிஞ்ச மாட்டான்.

விடியற்காலையில் முடித்திருக்க வேண்டிய வேலை. அலுவலகத்துப் புண்ணியவான்கள் அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போடவே பதினொன்றாகிவிட்டது.

39வது கம்பம் வரை டிரைவர் கத்தூர் கிண்டலடித்துக்கொண்டே வந்தான். "மண்ணுக்கு ஊத்துற தண்ணியில பாதிய எனக்கு டீயாப் போட்டுக் குடுத்தா என்னண்ணே?"

40ல் வாயை மூடிக்கொண்டான். ஜன்னலையும் ஏற்றிவிட்டான்.

மணி 1.10. 40வது கம்பத்தடி மண் ஈரமாக இருந்தது. நான் இன்னும் தண்ணீரே ஊற்றவில்லை. 49 டிகிரி வெயில்... அந்த ஈரம் ஐந்து நிமிடம்கூட நிற்காது. சுற்றிலும் காலடித் தடமே இல்லை.

41லும் ஈரம். 42லும்.

"கத்தூர், நமக்கு முன்னாடி யாராச்சும் போறாங்களா?"

"அளந்துட்டு வாண்ணே. சீக்கிரம்."

1.52. 47வது கம்பம். ஈரத்தின் நடுவே, குச்சி ஊன்றிய வட்டத் தடம். அதிலேயே என் குச்சியை வைத்தேன்.

களக்... களக்...

முதுகுக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தம்.

திரும்பினேன். யாருமில்லை.

காதருகே வறண்ட குரல். "நானூத்திப் பத்து... எழுதிக்க."

அதற்கப்புறம்தான் மீட்டரில் எண் ஓடி நின்றது.

410.

ரேடியோவில் கத்தினேன். குழாயை மூடினார்கள். கூடாரங்களைக் காலி செய்தார்கள். மறுநாள் தோண்டிப் பார்த்தால், எட்டு மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டிய குழாய்ச் சுவர் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. தம்பி பிழைத்தான்.

தோண்டிய அன்று சாயங்காலம் கத்தூரைப் பிடித்து உலுக்கினேன். அவன் அழுதுவிட்டான்.

"போன ஜூலையில, உனக்கு முன்னாடி இந்தக் கம்பங்கள அளந்த லஸ்ஹர் அண்ணன இறக்கிவிட்டுட்டு டீசல் பிடிக்கப் போனேன். வண்டி மணல்ல மாட்டிக்கிச்சு. திரும்பி வர நாலு மணி நேரம்ணே... குடிக்க வச்சிருந்த தண்ணியையும் கம்பத்தடியில ஊத்தி அளந்திருக்காரு, பாவி மனுஷன். 39ல செத்துக் கிடந்தாரு. அதுக்கு அங்கிட்டு அவரு போகவே இல்ல."

போன ஜூலையில் அலுவலகத்தில் ஒரு அளவுக் குறிப்பேட்டை என் மேசையில் போட்டார்கள். 39வது கம்பத்தோடு எழுத்து நின்றிருந்தது. மிச்சத்தை நீயே நிரப்பு என்றார்கள். ஏன் நின்றது என்று நான் கேட்கவில்லை. டீ குடித்துக்கொண்டே, வாய்க்கு வந்த எண்களை நிரப்பினேன்.

47க்கு நான் எழுதியது 870.