குவிமாடத்தில் நான் சொன்ன எப்பா

கொட்டாஞ்சேனைப் பேராலயத்தின் குவிமாடத்தை மட்டக்குளி பஸ்ஸிலிருந்து பல வருடம் பார்த்திருக்கிறேன். கவிழ்த்து வைத்த சட்டி போல வழுவழுப்பாகத் தெரியும். அப்படி இல்லை என்று அதன் மேல் கயிற்றில் தொங்கிய நாளில்தான் தெரிந்தது.

ஆறாம் வகுப்போடு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழும்புக்கு வந்தவன் நான். புறக்கோட்டையில் மூட்டை தூக்கினேன், வெள்ளவத்தையில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். எதிலும் ஆறு மாதம் நின்றதில்லை. அந்த முறை பெயின்ட் வேலை எடுக்கும் பாஸ் ஒருவரிடம் சேர்ந்திருந்தேன். குவிமாடம் சுற்றுச்சுவரோடு சேரும் விளிம்பில் அரசங்கன்று ஒன்று முளைத்திருந்தது. வேர் உள்ளே போனால் செங்கல் பிளந்து மழைநீர் கோயிலுக்குள் இறங்கும். அதைப் பிடுங்க வேண்டும்.

என்னோடு வேலை செய்தவர் மருதானைச் சிங்களவர், பௌத்தர். நான் அவரை அய்யே, அண்ணன் என்பேன்; அவர் என்னை மல்லி, தம்பி என்பார். உயரத்துக்குப் பயப்படாத மனிதர். அரசங்கன்று என்றதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஏலாது மல்லி. அது போதி மரம். நான் கயிறு பிடிக்கிறன், நீ இறங்கு."

"எங்களுக்கும் அது சாமி மரந்தான் அய்யே. பிள்ளையார் கோவிச்சுக்குவாரு."

"உன்ட பிள்ளையார் நல்ல ஆள். மன்னிப்பார்."

மேலே போகும் படி சுவருக்குள்ளேயே ஏறுகிறது. போகப் போகத் தோள் இரண்டு பக்கமும் உரசும். கோயிலில் மணி அடிக்கிறவர் முன்னால் ஏறி வழி காட்டினார்.

"ஒல்லாந்தர் காலத்தில சனம் ஒளிச்சு ஒளிச்சுத்தான் பூசை கண்டது தம்பி. முதல் இதில ஓலைக் கொட்டில்தானாம். பிறகுதான் இவ்வளவும் எழும்பினது" என்றார். ஒரு ஜன்னலருகில் நின்று சுவரின் தடிப்பை முழங்கையால் அளந்து காட்டினார். "இது விழாது."

நான் விழுவதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. மணிக்கு நேரமாகிறது என்று இறங்கிப் போய்விட்டார்.

உச்சியில் சிலுவைக்குக் கீழே ஒரு ஆள் நிற்க இடம் இருந்தது. அய்யே கயிற்றை அங்கிருந்த கல்தூணில் இரண்டு சுற்றுச் சுற்றினார். மறுமுனை என் இடுப்பில். தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தன. மாடம் வளைந்து இறங்குவதால் பத்தடி போனதும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. ஆகவே இரண்டு சிங்களச் சொற்களை முடிவு செய்துகொண்டோம். கயிற்றை விடுவதற்கு 'அரின்ன', இழுப்பதற்கு 'அதின்ன'.

பத்தடிவரை பரவாயில்லை. பிறகு சரிவு செங்குத்தானது. விளிம்பை நெருங்கும்போது பாசியில் கால் வழுக்கி முழங்கால் சுவரில் மோதியது.

"எப்பா!" என்றேன்.

கயிறு நின்றது.

எங்கள் தோட்டத்தில் பயந்தாலும் வலித்தாலும் வாயில் வருவது அதுதான். சிங்களத்தில் அதே சத்தத்துக்கு 'வேண்டாம்' என்று பொருள். எனக்குத் தெரியாத சொல் இல்லை, கடைகளில் தினமும் சொல்கிறதுதான். அந்த நேரம் நினைவில் இல்லை. கயிறு அறுகிறதோ, அய்யேக்கு மயக்கமோ என்று தொங்கினேன். கீழே பார்த்தேன். கன்று நிற்கும் விளிம்பு என் பாதத்துக்கு ஒரு முழம் கீழே இருந்தது. அதற்கும் கீழே, முற்றத்தில், ஒரு ஆட்டோ தீப்பெட்டி அளவில் நின்றது. காற்று என்னைத் திருப்பியது.

"எப்பா! எப்பா!"

"ஹரி மல்லி, ஹரி! சரி, விடமாட்டன்!" என்றார் அய்யே மேலிருந்து. கயிறு இன்னும் இறுகியது.

அப்போது பன்னிரண்டு மணி. திரிகால செபத்துக்கு மணி அடிக்கத் தொடங்கியது. தெருவில் அது காதில் கேட்கும். அங்கே பல்லில் கேட்டது. சுவர் நடுங்குவது முழங்காலில் தெரிந்தது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. கயிறு இடுப்பிலிருந்து விலாவுக்கு ஏறி மூச்சை அடைத்தது. காலால் விளிம்பைத் தேடினேன், எட்டவில்லை. ஒரு முழம்தானே, அவிழ்த்துக் குதித்துவிடலாம் என்று தோன்றியது. கை முடிச்சுக்குப் போய்விட்டது. இன்றைக்கும் நினைத்தால் உடம்பு சில்லிடுவது அந்தக் கையை நினைத்துத்தான்.

மணி ஓய்ந்தது.

"மல்லி! ஏன் எப்பா சொன்ன?"

அப்போதுதான் விளங்கியது. தொண்டையில் சத்தமே இல்லை. "அரின்ன" என்றேன். அவருக்குக் கேட்டிருக்காது என்றுதான் நினைத்தேன். கயிறு இறங்கியது. கால் விளிம்பில் பட்டது.

அன்று கன்றைப் பிடுங்கவில்லை. அதின்ன என்று சொல்லி மேலே வந்துவிட்டேன்.

"வேண்டாம்னு சொல்லல அய்யே. பயத்துல அப்பாவைக் கூப்பிட்டேன்."

"உன்ட அப்பாவா வந்து கயிறு பிடிக்கிறது? நான்தானே பிடிக்கிறன். என்னைக் கூப்பிடு!"

மறுநாளும் நான்தான் இறங்க வேண்டும் என்றார் பாஸ். விளிம்புவரை எவ்வளவு கயிறு என்று அளந்து, அந்த இடத்தில் சிவப்புத் துணி கட்டினோம். அதனால் பேச்சே தேவைப்படவில்லை. நான் துவாய்த் துண்டை மடித்து வாயில் கடித்துக்கொண்டேன். வழுக்கிய போதெல்லாம் துவாயைக் கடித்தேன். விளிம்பில் நின்று இரண்டு கையாலும் கன்றை இழுத்தேன். வேரோடு சுண்ணாம்பும் செங்கல் தூளும் வந்தன.

என்னிடமிருந்து ஒரு சத்தமும் வராததால் அய்யே மேலிருந்து கூப்பிட்டார். முதல் நாள் என் குரல் இருந்த மாதிரி இருந்தது அவர் குரல்.

"மல்லி? இன்னவாத?"

இருக்கிறாயா என்று கேட்கிறார். துவாயை வாயிலிருந்து எடுத்தேன்.

"இன்னவா அய்யே."